பாக்ஸ முறுக்காதீங்க, சக்கரத்துல இருந்து தேடுங்க: பழைய பிக்கப்புக்கு ஸ்டியரிங் வேலை பாத்தது

வண்டி 2005 மாடல் பிக்கப்பு. கம்பெனி பேரு இங்க முக்கியமில்லீங்க, முன்னாடி ரெண்டு பக்கமும் பட்டை ஸ்பிரிங், நடுவுல ஒரே கட்டை ஆக்சில், பவர் ஸ்டியரிங் கெடையாது, உள்ள பால்ஸ் ஓடற பழைய மாடல் ஸ்டியரிங் பாக்ஸ், இப்படி இருக்கற வண்டி எதுவா இருந்தாலும் நாயம் ஒண்ணுதான். சத்தியமங்கலத்துக்கும் கோபிக்கும் நடுவுல தோட்டம். வாழத்தாரு, மஞ்சள் மூட்டை, மாட்டுத்தீவனம், அப்பப்ப தாளவாடில இருந்து முட்டக்கோசு லோடு, இதுதான் இதோட பொழப்பு.

கொஞ்ச நாளாவே ஸ்டியரிங்ல நாலு வெரக்கடை ஆட்டம். வீல அக்கட்ட இக்கட்ட அவ்வளவு தூரம் திருப்புனாலும் முன் டயரு அசையாது. நேர் ரோட்டுல போறப்பக்கூட கை சும்மா இருக்க முடியாது, ஓயாம திருத்திக்கிட்டே போகோணும். அதகூட பழகிக்கலாம்னு வைங்க, ஆனா 55, 60 வேகத்துல பாலத்து ஜாயிண்ட்டுல ஒரு டயரு மட்டும் ஏறி எறங்குச்சுன்னா முன்பக்கம் மொத்தமா உதற ஆரம்பிச்சுரும், ஸ்டியரிங் கைல நிக்காது, ஆக்சிலேட்டர விட்டு மெதுவா வேகம் கொறஞ்சு 30க்கு வந்தாத்தான் அடங்கும். முன் டயரு பட்டனெல்லாம் உள்ளபக்கம் தடவுனா ஒரு தெசைல வழுவழுன்னு போகுது, திருப்பித் தடவுனா கைய கீறுது. அப்படி இருந்தாலே டோ அளவு, அதாவது முன் சக்கரம் ரெண்டும் எவ்வளவு உள்ள வெளிய திரும்பி நிக்குதுங்கற அளவு, தப்பா இருக்குதுன்னு அர்த்தம்.

இதுக்கு முன்னாடி ஒரு வைத்தியம் நடந்துச்சு. கூட்ஸ் வண்டிக்கு 8 வருசம் தாண்டிருச்சுன்னா வருசா வருசம் எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதின்னு தர்ற சர்ட்டிபிகேட்டுக்கு காட்டோணும், அங்க ஸ்டியரிங் ஆட்டத்த பாப்பாங்க. அதுக்காக ஒரு ஒர்க் ஷாப்புல விட்டோம், அவங்க கீழ படுத்துகூட பாக்கல, பானட்ட தூக்கி ஸ்டியரிங் பாக்ஸ் மேல இருக்கற ஸ்குரூவ லாக் நட்டு எளக்கி ஒரு முறுக்கு முறுக்கி "சரியாயிருச்சுங்" னுட்டாங்க. ஆட்டம் நாலு வெரக்கடைல இருந்து ரெண்டரைக்கு வந்துச்சு, எஃப்சியும் ஆயிருச்சு.

வினையே அதுக்கப்புறம்தான். தாளவாடி போற வழில இருக்கற திம்பம் மலை ஏறுனவங்களுக்குத் தெரியும், பண்ணாரி தாண்டுனதுல இருந்து 27 கொண்டை ஊசி வளைவு, பாதிக்கு மேல லாக்கு வரைக்கும், அதாவது ஸ்டியரிங் இதுக்கு மேல திரும்பாதுங்கற வரைக்கும் ஒடிச்சுத்தான் திருப்போணும். 2022ல ஐகோர்ட்டு ராத்திரிப் போக்குவரத்துக்கு கட்டுப்பாடு போட்டதுல இருந்து லோடு வண்டியெல்லாம் பகல்லயேதான் ஒட்டுக்கா ஏறி எறங்குது, எதிர்ல லாரி நின்னா நாம ஒதுங்கி ஒடிச்சு, மறுக்கா நேராக்கி, மறுக்கா ஒடிக்கோணும். நல்ல வண்டில வளைவு முடிஞ்சதும் கைய லேசா விட்டா ஸ்டியரிங் தானா நேருக்குத் திரும்பி வரும். இதுல வரல. ஒடிச்ச எடத்துலயே நிக்குது, நாமளே இழுத்து நேராக்கோணும். எறக்கத்துல லோடோட வர்றப்ப இது நெம்ப ஆபத்து.

ஏன் அப்படின்னா பாக்ஸுக்குள்ள இருக்கற வேலைய கொஞ்சம் புரிஞ்சுக்கோணும். ஸ்டியரிங் ராடு கீழ வந்து புரி வெட்டுன ஒரு ஷாஃப்டா முடியுது, வார்ம் ஷாஃப்ட்டும்பாங்க. அது மேல ஒரு கட்டை நட்டு, ரெண்டுக்கும் நடுவுல உள்ளயே சுத்தி சுத்தி வர்ற ஸ்டீல் பால்ஸ். அந்த நட்டோட வெளிப்பக்கம் பல்லு இருக்கும், அது செக்டர் ஷாஃப்ட்டோட பல்லத் தள்ளும், செக்டர் ஷாஃப்ட்டோட மறு நுனில டிராப் ஆர்ம், பாக்ஸுக்கு வெளிய ஆடற இரும்புக் கை. இந்தப் பல்லு நடு சென்டர்ல மட்டும் சித்தே எச்சா இறுக்கமாவும் ரெண்டு ஓரத்துலயும் கொஞ்சம் தளர்வாவும் இருக்கறமாதிரியேதான் செய்யறாங்க. நாம வண்டி ஓட்டறது முக்காவாசி நேர் ரோட்டுல, அதனால தேயறதும் அந்த நடுப்பல்லுதான். நடு தேஞ்சு போச்சு, ஓரம் புதுசாவே இருக்குது. இப்ப மேல இருக்கற ஸ்குரூவ நடு ஆட்டம் போறவரைக்கும் முறுக்குனா ஓரத்துல பல்லும் பல்லும் கடிச்சுக்கும். நேர் ரோட்டுல நல்லா இருக்கும், வளைவுல புடிச்சுக்கும். எங்க வண்டிக்கு நடந்தது அதேதான். அதவிடக் கூத்து என்னன்னா, ஆட்டத்துல பாதிக்கு மேல பாக்ஸுக்கு வெளியதான் இருந்துச்சுங்கறது அப்புறம்தான் தெரிஞ்சுது.

வேலை பாக்கறதுக்கு அக்கா பையன் வந்தான், டிப்ளமோ மெக்கானிக்கல் படிக்கறான். வந்ததும் "ஏனுங் மாமா, இன்னொரு அர முறுக்கு வெச்சு பாக்கலாங்களா?"ன்னான். "மாப்ள, நீ மேல ஏறி உக்காந்து ஸ்டியரிங்க ஆட்டு, முறுக்கறத அப்புறம் பாத்துக்கலாம்"னு சொல்லி நான் அடியில போயிட்டேன்.

தேடறதுக்கு ஒரே முறைதான். சக்கரம் நாலும் தரைல இருக்கோணும், எஞ்சின் ஆஃப், ஹேண்ட் பிரேக்கு போட்டு பின் டயருக்கு கட்டை வெச்சுட்டு, மேல ஒரு ஆளு ஸ்டியரிங்க ஆட்டம் இருக்கற அளவுக்கு மட்டும் அப்படியும் இப்படியும் ஆட்டிக்கிட்டே இருக்கோணும். முழுசா ஒடிக்கப்படாது. கீழ இருக்கற ஆளு ஒவ்வொரு ஜாயிண்ட்டா கைய வெச்சுப் பாக்கோணும். கண்ணால பாத்தா ஏமாந்துருவோம், கட்டை வெரல ஜாயிண்ட்டு கிண்ணத்து மேல பாதி, ஆர்ம் மேல பாதி வர்றமாதிரி வெச்சா, ரெண்டுக்கும் நடுவுல அர மில்லி நகந்தாக்கூட வெரலுக்குத் தெரிஞ்சுரும்.

ஸ்டியரிங் ராடுக்கும் பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற யூனிவர்சல் ஜாயிண்ட்டு சுத்தமா இருந்துச்சு. பாக்ஸுக்கும் சேசிஸுக்கும் நடுவுல கைய வெச்சா, மாப்ள ஒவ்வொரு தடவ ஆட்டறப்பவும் பாக்ஸே முழுசா அசையுது! மூணு போல்ட்டுல ஒண்ணு நல்லா எளகியிருந்துச்சு, மத்த ரெண்டும் சுமார். போல்ட்ட கழட்டி ஓட்டை சுத்தி கம்பி பிரஷ் போட்டு மண்ணையும் பெயிண்ட்டையும் எடுத்து டார்ச்சு அடிச்சுப் பாத்தேன். பழைய வண்டில இந்த எடத்துல சேசிஸ் விரிசல் விடும், விட்டிருந்தா போல்ட்டு எவ்வளவு முறுக்குனாலும் நிக்காது, அதுக்குன்னு பிளேட்டு வெச்சு வெல்டிங் தெரிஞ்ச ஆளுகிட்டத்தான் போகோணும். நல்ல வேளை விரிசல் எதுவுமில்ல. புது போல்ட்டு, புது ஸ்பிரிங் வாஷர் போட்டு இறுக்குனதுலயே ஒரு வெரக்கடை ஆட்டம் போச்சு. காசுன்னு பாத்தா ரெண்டு டீக்கு ஆகற செலவு.

டிராப் ஆர்மையும் சக்கரத்தையும் சேக்கற ராடு டிராக் லிங்க்கு, அதுல டிராப் ஆர்ம் பக்கத்து பால் ஜாயிண்ட்டு ஆட்டம், முன்பக்கத்தது பரவால்ல. ரெண்டு முன் சக்கரத்தையும் சேக்கற டை ராடோட நுனி ஜாயிண்ட்டு, அதாவது டை ராடு எண்டு, ரெண்டுமே காலி, அதுல வலப்பக்கத்து தூசி ரப்பர் கிழிஞ்சு தொங்குச்சு, உள்ள விட்ட வெரலு செவப்பு சேறோட வந்துச்சு, கிரீஸும் துருவும் மண்ணும் கலந்து அரைச்ச கொழம்பு. ரப்பர் கிழிஞ்சா அந்த ஜாயிண்ட்டுக்கு அன்னைக்கே நாள் எண்ண ஆரம்பிச்சுரலாம், தண்ணி போகும், மண்ணு போகும், உள்ள இருக்கற பாலு தேச்சு தேச்சு முட்ட மாதிரி ஆயிரும்.

அடுத்தது கிங் பின், சக்கரம் மாட்டியிருக்கற ஸ்டப் ஆக்சில் திரும்பறதுக்கு முன் ஆக்சில் நுனில அச்சா நிக்கற தண்டு. இதுக்கு முன் சக்கரத்த தரைய விட்டுத் தூக்கோணும். ஜாக்கிய நம்பி அடியில போகாதீங்க, ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு வைங்க, ஸ்டாண்டு இல்லைன்னா நல்ல அகலமான வேப்பங்கட்டையோ ரயில் கட்டையோ அடுக்குங்க. ஹாலோ பிளாக்கு கல்ல வெச்சு வண்டிய நிறுத்தறவங்கள பாத்திருக்கேன், அது சொல்லாம கொள்ளாம உடையற சாமானம். சக்கரத்த மேலயும் கீழயும் புடிச்சு உள்ள வெளிய ஆட்டுனா டக்கு டக்குன்னு ஆட்டம். இது வீல் பேரிங்கா கிங் பின்னான்னு பிரிச்சுப் பாக்கறதுக்கு, மேல ஒருத்தர பிரேக்க மிதிக்கச் சொல்லிட்டு மறுக்கா ஆட்டுங்க. பிரேக்கு புடிச்சா டிரம்மும் ஸ்டப் ஆக்சிலும் ஒண்ணாயிரும், அப்ப ஆட்டம் போயிருச்சுன்னா பேரிங்கு, போகலைன்னா கிங் பின். வலப்பக்கம் பிரேக்கு மிதிச்சும் டக்கு டக்கு அப்படியே இருந்துச்சு. எடப்பக்கம் கம்மி, ஆனா இருக்குது. உதறலுக்கு மெயின் காரணம் இதுதான், ஒரு சக்கரம் குழில தட்டுனதும் தேஞ்ச கிங் பின் மேல ஸ்டப் ஆக்சில் துள்ளும், அத டை ராடு அந்தப் பக்கத்துக்குக் கடத்தும், அது திருப்பி இங்க அடிக்கும், முடிவே இல்லாம போயிட்டிருக்கும்.

கடைசியா டிராக் லிங்க்க கழட்டிட்டு டிராப் ஆர்ம கைல புடிச்சு ஆட்டிப் பாத்தேன். பாக்ஸுல ஆட்டம் இருக்குது, இல்லைன்னு சொல்லல, ஆனா இத்துனூண்டு.

சாமானம் வாங்கறதப் பத்தி ஒரு நாயம். பழைய டோரு, பானட்டு, லைட்டுன்னா கோயமுத்தூரு உக்கடத்துல பழைய சாமான் கடைல தேடலாம், தப்பில்ல. ஸ்டியரிங் சாமானமும் பிரேக்கு சாமானமும் பழசு வாங்கவே கூடாது, விலை எவ்வளவு கம்மியா இருந்தாலும். புதுசுலயும் டூப்ளிகேட்டு நெறைய. கடைல டை ராடு எண்ட கைல எடுத்து பால் தண்ட அசைச்சுப் பாருங்க, அழுத்திப் புடிச்சாத்தான் ஒரே சீரா கனமா திரும்போணும், லொடலொடன்னு ஆடுனாலும் வேண்டாம், நடுவுல நடுவுல கடிச்சு நின்னாலும் வேண்டாம். ஒரு எண்டு வலது புரி, ஒண்ணு எடது புரி, கடைக்காரரு அவசரத்துல ரெண்டும் ஒரே மாதிரி எடுத்து வெச்சுருவாரு, அங்கயே நட்டு போட்டுப் பாத்து வாங்குங்க. கிங் பின் செட்டா வாங்கோணும், பின் ரெண்டு, புஷ்ஷு நாலு, எடை தாங்கற த்ரஸ்ட் பேரிங் ரெண்டு, இடைவெளிக்கு வெக்கற மெல்லிசு தகடு ஷிம்மு, பின்ன பூட்டற காட்டரு, மூடின்னு எல்லாம் ஒட்டுக்கா வரும். ஒரு பக்கம்தான் போச்சுன்னாலும் ரெண்டு பக்கமும் போடறதுதான் சரி.

டை ராடு எண்டு கழட்டறது. கழட்டறதுக்கு முன்னாடி பால் சென்டருக்கு பால் சென்டர் டேப்பு வெச்சு நீளம் அளந்து குறிச்சுக்குங்க, எத்தன புரி வெளிய தெரியுதுன்னும் ஃபோன்ல ஒரு போட்டோ எடுத்துக்குங்க. நட்டு கழலாம குறுக்கால சொருகியிருக்கற ஸ்பிளிட் பின்ன உருவிட்டு நட்ட முழுசா எடுக்காம நாலஞ்சு புரி எளக்கி விட்டுட்டு, ஆர்மோட காதுல, அதாவது பால் தண்டு சொருகியிருக்கற ஓட்டையச் சுத்தி இருக்கற இரும்புல, ஒரு பக்கம் கனமான சம்மட்டிய அண்டக் குடுத்துப் புடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கம் இன்னொரு சுத்தியலால ஓங்கி ஒரே அடி. அந்தக் காது ஒரு நிமிசம் நசுங்கி விரியும், உள்ள இருக்கற டேப்பர், அதாவது கூம்பாட்ட சரிஞ்ச தண்டு, புடி விட்டுரும், டப்புன்னு ஒரு சத்தம் வரும், கீழ எறங்கிரும். நட்டு மேல அடிச்சு எறக்கறது முரட்டு வேலை, புரி நசுங்கிப் போனா அப்புறம் நட்டும் கழலாது. கழட்டற ஜாயிண்ட்டையே திரும்ப உபயோகிக்கற மாதிரி இருந்தா இழுத்துக் கழட்டற புல்லர் போடுங்க. வலப்பக்கம் முதல் அடிலயே எறங்குச்சு, எடப்பக்கம் டீசலு விட்டு ஊற வெச்சும் மொரண்டு புடிச்சு பொழுதோடதான் வழிக்கு வந்துச்சு.

புதுசு மாட்டறப்ப டேப்பர் ரெண்டு பக்கமும் துணி போட்டு எண்ணெய் பசையில்லாம தொடைச்சுட்டு காஞ்சபடியேதான் சொருகோணும். கிரீஸு தடவுனா வழுக்கும்னு தடவறவங்க இருக்காங்க, தடவுனா டேப்பர் புடிக்கவேண்டிய அளவத் தாண்டி உள்ள போயி உக்காந்துக்கும். நட்ட மேனுவல்ல சொன்ன டார்க்குக்கு இறுக்குனதுக்கப்புறம் ஸ்பிளிட் பின் ஓட்டை நேரா வரலைன்னா, இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்கோணும், எளக்கி நேராக்கப்படாது. பழைய ஸ்பிளிட் பின்ன நிமித்திப் போடறதும் கூடாது, அது என்ன அஞ்சு ரூவாயா பத்து ரூவாயா.

கிங் பின்தான் இந்த வேலைலயே பெரிய வேலை. சக்கரம், டிரம்மு, ஹப்பு, பேரிங்கு எல்லாம் வரிசையா எடுத்து வெச்சுட்டு, பிரேக்கு பேக் பிளேட்ட போல்ட்டு கழட்டி அப்படியே கம்பி போட்டு பட்டைல தொங்க விட்டேன். பிரேக்கு ஹோஸ்ல தொங்க விடப்படாது, பைப்பையும் கழட்டத் தேவையில்ல, கழட்டுனா அப்புறம் ஏர் எடுக்கற வேலை தனியா வந்து சேரும். ஆக்சில் காதுக்கு குறுக்கால கிங் பின்ன பூட்டியிருக்கற காட்டர் பின்ன பஞ்ச் கம்பி வெச்சு தட்டி வெளிய எடுக்கோணும், நட்டு இருக்கற பக்கத்துல இருந்து. அது வந்ததுக்கு அப்புறம்தான் கிங் பின் மேல கைய வெக்கோணும், அதுக்கு முன்னாடி அடிச்சா ரெண்டும் கெட்டுப்போகும். மேல் மூடி கீழ் மூடிய எடுத்துட்டு பித்தளை தண்டு வெச்சு மேல இருந்து கீழ அடிச்சா எடப்பக்கம் சுலபமா வந்துச்சு. வலப்பக்கம் அசையல.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வந்து பாத்துட்டு "கேஸ் வெச்சு காதச் சூடு பண்ணு, அதுவா வந்துரும்"னாரு. ஆக்சில் அடிச்சு செஞ்சு பதம் போட்ட இரும்பு, முன்பக்க எடை பூரா அது மேலதான் நிக்குது, அந்தக் காத செவக்க செவக்கச் சூடு பண்றதுக்கு எனக்கு மனசு ஒப்பல. "வேண்டாமுங்ணா, டீசலு விட்டு ராத்திரி ஊறட்டும்"னு விட்டாச்சு. காத்தால ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமா தட்டி எளக்கி, அப்புறம் ஓங்கி அடிச்சதுல எறங்குச்சு.

வெளிய வந்த பின்ன வெய்யில்ல புடிச்சுப் பாத்தா எல்லாக் கதையும் தெரிஞ்சுது. மேல் பாதி பளபளன்னு புதுசாட்ட இருக்குது, கீழ் புஷ்ஷு உக்கார்ற எடத்துல ஒரு பக்கம் மட்டும் தேஞ்சு படி விழுந்திருக்குது, நகத்த மேல இருந்து கீழ இழுத்துட்டு வந்தா அந்தப் படில டக்குன்னு மாட்டுது. அந்தக் கீழ் எடத்துல செங்காவி கலருல துரு, கிரீஸு வாடையே இல்ல. புஷ்ஷு ஒரு பக்கம் காயிதம் கனத்துக்கு வந்துருச்சு. கீழ் கிரீஸ் நிப்பிள கழட்டிப் பாத்தா உள்ள கல்லாட்ட இறுகுன மண்ணு, மேல ரெண்டு கோட்டு பெயிண்ட்டு வேற. சர்வீஸுல கிரீஸு அடிச்சப்பெல்லாம் கிரீஸ் கன்னு வாய்ல வெளியே வழிஞ்சதத்தான் கிரீஸு ஏறிருச்சுன்னு தொடைச்சு விட்டிருக்காங்க, உள்ள ஒரு துளி போகல.

கிரீஸு அடிக்கறதுலயும் ஒரு சூச்சமம் இருக்குது. சக்கரம் தரைல இருக்கறப்ப கிங் பின்னோட த்ரஸ்ட் பேரிங்கு வண்டி எடைல நசுங்கி நிக்கும், கிரீஸு அந்த எடத்துக்குப் போகாது. ஆக்சிலத் தூக்கி சக்கரத்த தொங்கல்ல விட்டு, ஸ்டியரிங்க ரெண்டு பக்கமும் ஒடிச்சு ஒடிச்சு அடிச்சாத்தான் பழைய கறுப்பு கிரீஸு எல்லாப் பக்கமும் பிதுங்கி வெளிய வந்து புது கிரீஸு நெறையும். தரைல நிறுத்தி வெச்சு அடிக்கற கிரீஸு பாதி வீண்.

புஷ்ஷ ஏத்தறது லேத்துல. நம்ம பக்கத்துல இதுக்கு பஞ்சமில்ல, கோயமுத்தூரு பக்கம் பம்பு செட்டு வேலைல பழகுன லேத்து, சங்ககிரி, நாமக்கல்லு, திருச்செங்கோடு பக்கம் லாரியும் ரிக்கு வண்டியும் பாத்துப் பழகுன லேத்து, எந்தச் சின்ன டவுனுக்குப் போனாலும் கிங் பின் புஷ்ஷு ரீமரு போடத் தெரிஞ்ச ஒரு ஆளு இருப்பாரு. ரெண்டு ஸ்டப் ஆக்சிலையும் மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, கிங் பின்னையும் கூடவே எடுத்துட்டுப் போனோம், அந்தப் பின்னுக்கு ஏத்த மாதிரித்தான் ஓட்டைய தேய்க்கோணும்கறதால. லேத்துக்காரரு பெரியவரு, பழைய புஷ்ஷ பிரஸ்ஸுல தள்ளி எடுத்துட்டு புதுச ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு நிமிசம் நிறுத்தி, புஷ்ஷுல இருக்கற ஓட்டைய நிப்பிள் ஓட்டைக்கு நேரா வெச்சு பென்சில்ல கோடு போட்டாரு. "தம்பி, இந்தக் கோட்ட விட்டுட்டா நீ வாழ்நாள் பூரா கிரீஸு அடிச்சாலும் உள்ள போகாது"ன்னாரு. அப்புறம் ஓட்டைய அளவுக்குத் தேய்க்கற நீள ரீமரு, மேல் புஷ்ஷையும் கீழ் புஷ்ஷையும் ஒரே ஓட்டத்துல தேய்க்கறது. தனித்தனியா தேய்ச்சா ரெண்டு ஓட்டையும் ஒரே நேருக்கு நிக்காது, பின் ஏறும், ஆனா கடிக்கும். கொஞ்சம் தேய்ச்சு பின்ன விட்டுப் பாத்து, மறுக்கா தேய்ச்சு, ஆயிலு தடவுன பின் கட்டை வெரல் அழுத்தத்துல மெதுவா எறங்கறப்ப போதும்னு நிறுத்துனாரு. தானா விழுந்தா லூசு, சுத்தியல் கேட்டா டைட்டு.

மாட்டறப்ப த்ரஸ்ட் பேரிங்கு ஆக்சில் காதுக்குக் கீழ, ஸ்டப் ஆக்சிலோட கீழ் காதுக்கு மேல உக்காரும். மூடியிருக்கற பக்கம் மேல, தெறந்த பக்கம் கீழ. திருப்பிப் போட்டா மழைத்தண்ணியும் மண்ணும் நேரா பேரிங்குக்குள்ளயே எறங்கும். மேல் பக்கத்து இடைவெளிக்கு ஷிம்மு, இடைவெளி அளக்கற ஃபீலர் கேஜு விட்டுப் பாத்து மேனுவல் அளவுக்கு வெச்சோம். காட்டர் பின் உக்கார்றதுக்கு கிங் பின்ல ஒரு வெட்டு இருக்கும், அது காட்டர் ஓட்டைக்கு நேரா நிக்குதான்னு டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு எறக்குங்க, அப்புறம் திருப்பறது கஷ்டம். எல்லாம் மாட்டி கிரீஸு அடிச்சதும் ஸ்டப் ஆக்சில் ஒரே கைல தள்ளுனா எங்கயும் கடிக்காம லாக்கு டு லாக்கு போச்சு, டக்கு டக்கு சத்தம் போயே போச்சு. வீல் பேரிங்கும் கழுவி புது கிரீஸு வெச்சு, ஹப்ப சுத்திக்கிட்டே இறுக்கி, அப்புறம் சித்தே எளக்கி ஸ்பிளிட் பின் போட்டாச்சு.

இப்பத்தான் பாக்ஸு. டிராக் லிங்க்கு இன்னும் மாட்டல, அதுதான் சரியான நேரம், சக்கரத்தோட பாரம் பாக்ஸு மேல இல்லாதப்ப. ஸ்டியரிங்க ஒரு லாக்குல இருந்து இன்னொரு லாக்குக்கு மெதுவா சுத்தி எத்தன சுத்துன்னு எண்ணி, பாதி திருப்பி வந்தா அதுதான் பாக்ஸோட உண்மையான சென்டர். இதுலயே ஒரு விசயம் வெளிச்சமாச்சு, ஸ்டியரிங் வீலு நேரா தெரிஞ்ச எடமும் பாக்ஸோட சென்டரும் ஒண்ணா இல்ல, முன்னாடி எப்பவோ யாரோ டிராக் லிங்க்கு நீளத்த மாத்திட்டு ஸ்டியரிங் வீல கழட்டி நேரா மாட்டியிருக்காங்க. அதனால வண்டி நேரா போறப்ப பாக்ஸு சென்டர விட்டு கொஞ்சம் தள்ளி இருந்திருக்குது, இறுக்கமா இருக்கவேண்டிய நடுப்பல்லு நேர் ரோட்டுல முழுசா வேலைக்கு வரல. வலது பக்கம் திரும்பறப்ப வட்டம் பெருசா இருந்ததுக்கும் அதுதான் காரணம்.

மேல் ஸ்குரூவ ஒர்க் ஷாப்புல முறுக்குனதுக்கு மேலயே எளக்கிட்டு, சென்டர்ல வெச்சு மெல்ல மெல்ல இறுக்கி, டிராப் ஆர்ம் ஆட்டம் போயி சென்டரத் தாண்டறப்ப கைக்கு லேசா ஒரு கனம் தெரியறப்ப நிறுத்தி லாக் நட்ட போட்டேன். ரெண்டு ஓரத்துலயும் வீலு லேசா சுத்துது. சென்டர்ல ஒரு துளி ஆட்டம் இருக்கத்தான் செய்யுது, இருக்கட்டும். அதையும் எடுக்கோணும்னு முறுக்குனா மறுக்கா திம்பத்துல புடிச்சுக்கும். "அப்ப இந்த ஆட்டம் போகவே போகாதுங்ளா மாமா?"ன்னு கேட்டான். "பாக்ஸு மாத்துனாத்தான் போகும் மாப்ள, அதுக்கு இப்ப அவசியமில்ல"ன்னேன். பாக்ஸுல 90 ஆயில், அதாவது கியர் ஆயில், லெவலு கம்மியா இருந்துச்சு, ஊத்தி வெச்சாச்சு.

டிராக் லிங்க்கு புது எண்டோட, பாக்ஸு சென்டர்லயும் சக்கரம் நேராவும் இருக்கறப்ப தானா சொருகற நீளத்துக்கு வெச்சு மாட்டி, ஸ்டியரிங் வீலையும் கழட்டி நேரா மாட்டியாச்சு. டோ இன்னுக்கு முன் சக்கரத்த தூக்கி சுத்தவிட்டு, டயரு நடுவுல சாக்பீஸு தடவி அது மேல ஆணி நுனிய அசையாம புடிச்சா வட்டமா ஒரு மெல்லிசு கோடு விழும். ரெண்டு டயருக்கும் கோடு போட்டுட்டு வண்டிய எறக்கி, முன்ன பின்ன ரெண்டடி தள்ளி உக்கார வெச்சு, ஆக்சில் உயரத்துல முன்னாடி கோட்டுக்கு கோடு எவ்வளவு, பின்னாடி எவ்வளவுன்னு டேப்பு புடிக்கோணும். முன்னாடி அளவு பின்னாடிய விட சில மில்லி கம்மியா இருக்கோணும், எவ்வளவுன்னு உங்க வண்டி மேனுவல்ல இருக்கும். எங்களுது முன்னாடி எச்சாவா இருந்துச்சு, அதான் டயரோட உள்ளபக்கத்த அறுத்தது. ரெண்டு நுனிலயும் எதிரெதிர் புரிங்கறதால கிளாம்ப எளக்கிட்டு டை ராட பைப்பு ரெஞ்சுல திருப்புனா நீளம் கூடும் கொறையும், எண்டக் கழட்டத் தேவையில்ல. முடிஞ்சதும் கிளாம்பு போல்ட்டு ஆக்சில்ல இடிக்காம நிக்குதான்னு பாத்து இறுக்குங்க. இது ஊட்டுல வெக்கற அளவு, டவுனு வரைக்கும் போறதுக்கு, அதுக்கப்புறம் அலைன்மெண்ட்டுல காட்டி சக்கரத்தோட சாய்வு கேம்பரும் கிங் பின்னோட சாய்வு கேஸ்டரும் சேத்துப் பாத்தாச்சு.

ஓட்டிப் பாத்ததுல, பண்ணாரி ரோட்டுல 60ல அதே பாலத்து ஜாயிண்ட்டு மேல ஏத்தி எறக்குனேன், உதறல் இல்ல. ஆட்டம் ஒரு வெரக்கடைக்குள்ள நிக்குது. திம்பத்துல முட்டக்கோசு லோடோட எறங்கறப்ப வளைவு முடிஞ்சு கைய தளத்துனா ஸ்டியரிங் தானா நேருக்கு வருது, மெதுவாத்தான், ஆனா வருது. ஒடிக்கறதுக்கு முன்ன விட லேசு, பவர் ஸ்டியரிங் அளவுக்கு எதிர்பாக்காதீங்க. எடப்பக்கம் சித்தே இழுக்குது, முன் டயரு அறுபட்டது அப்படியே இருக்கறதால அதுவாத்தான் இருக்கும்னு முன்ன பின்ன மாத்திப் போட்டேன், இழுவை பாதியாச்சு.

கொஞ்ச தூரம் லோடு ஓட்டுனதுக்கு அப்புறம் பாக்ஸ் போல்ட்டையும் டை ராடு கிளாம்பையும் ஒரு தடவ மறுக்கா ஸ்பேனர் போட்டுப் பாத்தேன், பாக்ஸ் போல்ட்டு ஒண்ணு கால் சுத்து எடுத்துச்சு. பாக்கி இருக்கறது முன் பட்டைய சேசிஸோட சேக்கற ஷேக்கிள் புஷ்ஷும், டிராப் ஆர்ம்கிட்ட 90 ஆயில் கசியற சீலும். ஷேக்கிளுக்கு பட்டைய எறக்கோணும், சீலுக்கு டிராப் ஆர்ம உருவோணும், அதுக்கு பெரிய புல்லரு லேத்துக்காரருகிட்டத்தான் இருக்குது. மஞ்சள் லோடு ஓஞ்சதும் ரெண்டையும் ஒட்டுக்கா பாத்துரலாம்னு அவருகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.